இரண்டு பன்னிரண்டும் ஒரு தவலை சுக்குக் காப்பியும்

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் உண்டா என்று டெல்லியிலிருந்து லீவில் வருகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். குளிர்தான் இல்லை, குளிர்காலம் உண்டு. மார்கழி பிறந்ததும் அங்கே வலியசாலைத் தெருவில் பெட்டிக்குள் கிடந்த மப்ளர்கள் எழுந்து வரும். காதை மூடிக் கட்டிக்கொண்டு, பத்து மணி வெயிலில் நெற்றி வியர்க்க, மனிதர்கள் ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்பார்கள். குளித்த தலையின் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்க்காமல் யாரும் நடை இறங்குவதில்லை. வீட்டுக்கொரு வைத்தியம் உண்டு; ஒரு வீட்டு வைத்தியத்தை இன்னொரு வீடு நம்புவதில்லை. நொச்சியிலை போட்டு ஆவி பிடிக்கிறவர்கள், கற்பூரவல்லிச் சாறு குடிக்கிறவர்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கொள்ளு ரசம் வைக்கிறவர்கள் இரண்டு கட்சியையும் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாருடைய மூக்கும் தை பிறக்கிறவரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

பஜனைச் சமிதிக்காரர்களுக்கு மட்டும் சளி பிடிக்காது. அது சமிதியின் கொள்கை. மார்கழி முழுவதும் விடியுமுன் கோயில் குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு, மேலே துண்டுகூட இல்லாமல் தெரு சுற்றிப் பாடுகிறவனுக்குக் கடவுள் ஜலதோஷம் கொடுக்கமாட்டார் என்று அவர்கள் வெளியில் சொல்லிக்கொண்டார்கள். கடவுள் வருஷம் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் வாரத்திலேயே இருபத்திரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிடும். அதைப் பக்தியில் குரல் கம்முகிறது என்று விளக்கினார்கள்.

கம்மின குரலைத் திறப்பதற்காக ஏற்பட்டதுதான் முறை. கோஷ்டி நாலரைக்குக் கோயில் நடையில் தொடங்கி, மேலவரிசை, கீழவரிசை இரண்டும் சுற்றி, ஐந்தேகாலுக்கு அன்றைய முறைவீட்டில் ஏறும். அங்கே சுக்குக் காப்பி. அதைக் குடித்துச் செருமி, ஆறு மணி தீபாராதனைக்குக் கோயிலுக்குத் திரும்பிக் கடைசிப் பாட்டைப் பாடவேண்டும். இருபத்தொன்பது நாளுக்கு இருபத்தொன்பது வீடு. ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். மற்ற வீட்டுக்காரர் அன்றைக்குக் கோஷ்டிக்கென்று ஒரு பிடி பொரிகூடக் கொடுக்கக்கூடாது. முறை வீட்டு நம்பர்ப்படி வராது. எந்த வீடு எந்தக் காலத்தில் எடுத்ததோ அந்த மூப்புப்படி வரும். அந்த மூப்பு, செக்ரட்டரி தாணுமாலையனின் நோட்டில் இருந்தது. நோட்டு அவர் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அவர் அரைஞாணில் இருந்தது.

தாணுமாலையன் செக்ரட்டேரியட்டில் சூப்பிரண்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தேதி தெளிவாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஃபைலை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த ஃபைல் எதைப் பற்றியது என்பது அவருக்கு அப்போதும் தெரியாது. பென்ஷனுக்குப் பிறகு திருப்பி அனுப்புவதற்கு ஒன்றும் இல்லாமல், சமிதிக்கு வந்தார்.

கீழவரிசை ஒன்பதாம் நம்பரில் வாடகைக்கு இருந்த சரஸ்வதியம்மாளுக்கு இந்த முறை கிடைக்கவேண்டும் என்று பதினோரு வருஷமாக ஆசை. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் நாகேஸ்வரன், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். பதினோரு மார்கழியும் கோஷ்டி அவள் வாசலைத் தாண்டித்தான் போயிற்று. தீபாராதனைக்கு முறைவீட்டுப் பெண்கள் முன்னால் நிற்பார்கள். இவள் தூணுக்குப் பின்னால் நிற்பாள். யாரும் போகச் சொன்னதில்லை. ஆனாலும் இடம் அதுதான். ஒரு வருஷம் பத்து முறுக்கைத் தட்டில் வைத்துக் கோஷ்டிக்குக் கொடுக்கப்போய், முறையில்லாத வீடு என்று தட்டு அப்படியே திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தாள். ஒன்பது இருந்தது.

இந்த வருஷம் ஒரு சொந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு பம்பாய்க்குப் போய்விட, ஒரு முறை காலியாயிற்று. சாலையில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஆறுமுகசாமி அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னார். கோஷ்டியில் குரல் என்று சொல்லத்தக்கது அவருக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வாயைத் திறந்து மூடுகிறவர்கள். ஆகவே தாணுமாலையன் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்:

‘மார்கழி 12. கீழவரிசை 9. இவ்வருஷத்துக்கு மட்டும். திருப்திகரமாக நடப்பின் நிரந்தரமாக்குவது பரிசீலிக்கப்படும்.’

அந்தப் ‘பரிசீலிக்கப்படும்’ அவளை இருக்கவிடவில்லை. சுக்கை உடைத்துப் பார்த்து, நார் இருக்கிறது என்று புருஷனை இரண்டு தடவை சாலைக்குத் திருப்பி அனுப்பினாள். மிளகை வெயிலில் காயவைத்தாள். திப்பிலியை வறுத்தாள். மல்லி அதிகமா குறைவா என்று தெரியாமல் பத்து நாள் தொடர்ந்து நாகேஸ்வரனுக்குப் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அவருக்குச் சளி இல்லை. பத்தாம் நாள் வயிறு எரிந்தது.

“சரசு, எனக்கு ஒரு நோயும் இல்லை. இந்த மருந்தை நிறுத்து. அப்பவும் ஒண்ணும் இல்லாமத்தான் இருக்கும்.”

“தொண்டையிலே இறங்கும்போது எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க.”

“தீவட்டி இறங்குத மாதிரி இருக்கு.”

“அப்ப சரியா வந்துட்டு,” என்றாள்.

தம்பி வருஷாவருஷம் அம்பாசமுத்திரத்திலிருந்து அனுப்புகிற நாள்காட்டியில் மார்கழி பன்னிரண்டு என்று தாள் விழுந்த அன்றைக்கு, மூன்றரைக்கே அடுப்பு எரிந்தது. வெண்கலத் தவலை நிறையச் சுக்குக் காப்பி. பக்கத்தில் மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துக் கொட்டிய பொங்கல். வாசலில் கோலம், விளக்கு, இருபத்திரண்டு பேருக்குப் பாய். அக்கம்பக்கத்தில் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

ஐந்து மணிக்கு மேல் ஒரு இடத்தில் நிற்கமுடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், விறகை உள்ளே தள்ளினாள், வாசலுக்கு வந்தாள், திரும்பிப் போய் அதே விறகை வெளியே இழுத்தாள். நாகேஸ்வரன் புது வேட்டி கட்டிக்கொண்டு, ‘வாங்க வாங்க’ என்று சொல்வதா, வெறுமே கைகூப்புவதா என்று தூணிடம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜால்ராச் சத்தம் மேலவரிசை முடிந்து கீழவரிசைக்குள் திரும்பிற்று. ஏழாம் நம்பர். எட்டாம் நம்பர். ஈர வேட்டிகள் சளசளக்க ஒன்பதாம் நம்பர் வாசலுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே பத்தாம் நம்பருக்குப் போயிற்று. பிறகு தெருவைக் குறுக்காகக் கடந்து, எதிர்வரிசையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்த தாணுமாலையன் வீட்டுக்குள் ஏறிற்று. எல்லாரும் உள்ளே போனபின் கதவு பாதி சாத்தப்பட்டது.

நாகேஸ்வரன் கூப்பின கையைப் பிரிக்காமல் நின்றார்.

“வெட்டிட்டாங்க,” என்றாள் சரஸ்வதியம்மாள். “சீட்டைக் குடுத்துட்டு வெட்டிட்டாங்க.”

“வழி தவறியிருப்பாங்களோ?”

“பொறந்ததிலேருந்து இருக்குத தெருவிலேயா வழி தவறும்?”

அந்த நேரத்துக்குப் பால்காரி பேச்சி பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடை ஏறினாள். “என்னக்கா, முக்குலேயே சுக்கு மணம் அடிக்கி! வீட்டிலே என்ன விசேஷம்?”

“முறை எங்க வீடு, பேச்சி. அவங்க அங்க ஏறிட்டாங்க.”

“இன்னைக்கு செக்ரட்டரி வீடுல்லா. இப்பதான் பத்து லிட்டர் ஊத்திட்டு வாறேன். உங்களுக்கு நாளைக்கு இருக்கும்.”

“இன்னைக்குத்தான மார்கழி பன்னெண்டு?”

“ஆரு சொன்னா? பதினொண்ணு. ஊரு பூரா பதினொண்ணுங்குது, உங்க வீட்டிலே மட்டும் எப்படிப் பன்னெண்டு?”

விஷயம் அவ்வளவுதான். அந்த வருஷம் சூரியன் ராசி மாறியது ஒரு பிற்பகலில். திருநெல்வேலிப் பஞ்சாங்கம் அன்றைக்கே மார்கழி ஒன்று என்றது. திருவனந்தபுரத்துப் பஞ்சாங்கம், உச்சி தாண்டிவிட்டதே என்று மறுநாள்தான் தனு ஒன்று என்றது; மலையாளத்தில் மார்கழிக்குப் பேர் தனு. வலியசாலைக்காரர்கள் வாயால் சொல்வது மார்கழியை. விரலால் எண்ணுவது தனுவை. அதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியவேண்டி வந்ததும் இல்லை. தேதியைச் சீட்டில் பார்த்து அடுப்பு மூட்டும் வீடு அந்தத் தெருவில் இது ஒன்றுதான். மற்ற வீடுகளுக்கு அது தாத்தா காலத்திலிருந்து தெரியும்.

“வெட்டலை,” என்றார் நாகேஸ்வரன், உயிர் வந்தவராக. “நாளைக்குத்தான். எல்லாத்தையும் கொல்லையிலே கொட்டிட்டுக் கதவைச் சாத்து. முறை இல்லாத நாளிலே அடுப்பு மூட்டினோம்னு தெரிஞ்சா நாளைக்குள்ளதும் போயிடும்.”

“ஒரு தவலை, ஏங்க. பூராக் கருப்பட்டியும் அதிலேதான் கிடக்கு.”

“அப்ப மூடு. மணம் வெளியே போகாம மூடு.”

மூடினாள். மணத்தை மூட முடியவில்லை. ஈரத்துணியைத் தவலையின் விளிம்பில் சுற்றினாள். அதிலிருந்தும் வந்தது.

பேச்சிக்குப் போக மனமில்லை. “அங்க நடக்குத கூத்தைப் பாக்கணும் அக்கா. சுக்குக் காப்பி இந்த வருஷம் கிடையாதாம். டெல்லியிலேருந்து மகன் டப்பா அனுப்பியிருக்கான். பால்லே கலக்குத மாவு. அதுதான் பலமாம். பாலைக் கொதிக்க வைக்கக்கூடாதுன்னு டப்பாவிலே இங்கிலீஷிலே எழுதியிருக்காம். அவரு கண்ணாடியைப் போட்டு வாசிக்காரு, அந்த அம்மா பாலுக்குள்ள விரலை விட்டு விட்டுப் பாக்கா. கோயில் குளத்து வெள்ளம் அதைவிடச் சூடா இருக்கும்!”

எதிர்வீட்டில் அது அப்படியே நடந்துகொண்டிருந்தது. தாணுமாலையன் நடு ஹாலில் நின்று, டப்பாவைக் கையில் உயர்த்திப் பிடித்து, சுக்கு என்பது விஞ்ஞானம் வருவதற்கு முந்தைய சங்கதி என்று பத்து நிமிஷம் பேசினார். புரோட்டீன் என்ற சொல்லை ஐந்து முறை சொன்னார். இளஞ்சூடும் இல்லாத பால் தம்ளர் தம்ளராக வந்தது. கூட ஆளுக்கு இரண்டு பிஸ்கட். குளித்து நடுங்கி, நெஞ்சில் சளி கட்டி வந்த இருபத்திரண்டு பேரும் இனிப்பான, கொழகொழத்த பாலைக் குடித்தார்கள். குடித்து முடித்ததும் முதல் இருமல் மேற்குச் சுவரோரத்தில் எழுந்தது. கிழக்குச் சுவர் பதில் சொல்லிற்று.

ஆறுமுகசாமி செருமிப் பார்த்தார். பால் தொண்டையில் படிந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு ஸ்வரம் போட்டுப் பார்த்தார். எண்ணெய் போடாத கீல் திறக்கிற சத்தம் வந்தது. பக்கத்துக் கரமனைக் கோஷ்டிக்காரர்கள் அன்றைக்கு இவர்கள் பாட்டைக் கேட்க இந்தக் கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ‘உங்க ஊர்க் குரலெல்லாம் குரலா’ என்று கடையில் வைத்து அவர்களிடம் கேட்டவர் அவர்தான்.

ஒன்பதாம் நம்பர் வீட்டின் பக்கவாட்டில் கிணற்றுக்குப் போகிற ஒரு சந்து உண்டு; அடுப்படிக் கதவு அதில்தான் திறக்கும். ஐந்து நிமிஷத்தில் ஆறுமுகசாமி அந்தச் சந்தில் நின்றார்.

“அம்மா, கொறச்சு வெள்ளம் கிட்டுமா?”

சரஸ்வதியம்மாள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் மூக்கு, அடைத்திருந்தும், அடுப்படிப் பக்கம் திரும்பிற்று.

“சுக்கு மணம் மாதிரி ஒண்ணு...”

“அது நாளைக்குள்ளது, அண்ணாச்சி.”

“நாளைக்குள்ளதை எதுக்கு இன்னைக்கே காய்ச்சினிய?”

“சரியா வருதான்னு வச்சுப் பாத்தேன்.”

“ஒரு தவலையா?”

அவள் அடுப்படிக் கதவை மறைத்து நின்றாள். இந்த மனுஷன் சொன்னதால்தான் சீட்டே வந்தது. கொடுக்காமல் நிற்பது கூச்சமாக இருந்தது. ஆனால் இன்றைக்கு இந்த மூடியைத் திறந்தால் நாளைக்குத் தாணுமாலையன் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். முறை முடிந்தது என்பார். இல்லாவிட்டால், முறை மீறினாய் என்பார். எப்படியும் திரும்பத் தூணுக்குப் பின்னால்தான்.

“கால் தம்ளர் போதும்,” என்றார் ஆறுமுகசாமி. கெஞ்சலாகத்தான் சொன்னார், தொண்டை அதை உறுமலாக வெளியே விட்டது. “கபக்கெட்டு, நெஞ்சு பூரா சளி. கரமனைக்காரன் வந்து நிப்பான். மானம் போயிரும்.”

“ஒரு நாளைக்கு ஒரு வீடு. உங்க சட்டந்தான அண்ணாச்சி? நான் முறுக்கு கொண்டுவந்தப்போ நீங்களும் அங்க நின்னிய.”

ஆறுமுகசாமி தரையைப் பார்த்தார். அந்த ஒரு முறுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

“செக்ரட்டரி எழுதித் தரட்டும். எழுதின மறுநிமிஷம் ஊத்துதேன்.”

இதற்குள் சந்தில் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. ஒருவர் செருப்பைத் தேடி வந்ததாகச் சொன்னார். மார்கழியில் கோஷ்டிக்காரர்கள் செருப்புப் போடுவதில்லை. ஒருவர் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ஒருவர் சாக்கே தேடவில்லை. வந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி மணத்தை இழுத்தார். ஒருவர் இருமினால் சங்கிலி மாதிரி எல்லாரும் இருமினார்கள். நாகேஸ்வரன், “வாங்க வாங்க” என்றும் சொல்லமுடியாமல், “போங்க” என்றும் சொல்லமுடியாமல், சந்துக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

தாணுமாலையன் இரண்டாவது சுற்றுப் பாலோடு ஹாலுக்கு வந்தபோது, பாய்தான் இருந்தது. முறை நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவருக்கும் மூக்கு வழிந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்காததுபோல் நடந்தார்.

“எந்தாணு இது? முறைவீட்டிலேருந்து சபை எழுந்து வந்தா என்ன அர்த்தம்?”

“காத்து வாங்க வந்தோம்,” என்றார் ஆறுமுகசாமி.

“இந்தப் பனியிலேயா?”

எல்லாரும் இருமினார்கள். தாணுமாலையன் மோந்து பார்த்தார். பிறகு சரஸ்வதியம்மாள் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க செஞ்சது சுத்த முறைகேடு. இன்னைக்குக் கோஷ்டிக்கு அடுப்பு பத்தவைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.”

“அதனாலதான் மூடி வச்சிருக்கேன், சார். ஒருத்தருக்கும் ஒரு சொட்டு குடுக்கலை. கேட்டுப் பாருங்க.”

“குடுக்கல்ல,” என்றார் ஆறுமுகசாமி. சாட்சி சொன்ன மாதிரி இல்லை; பிராது கொடுத்த மாதிரி இருந்தது.

“பின்னே எதுக்கு இன்னைக்குக் காய்ச்சணும்?”

உள்ளே போய்ச் சீட்டையும் நாள்காட்டியையும் கொண்டுவந்தாள். இரண்டையும் அவர் முன்னால் நீட்டினாள். “நீங்க எழுதினது. மார்கழி பன்னெண்டு. இன்னைக்கு மார்கழி பன்னெண்டு.”

தாணுமாலையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இது பாண்டிக் கலண்டர்ல்லா!” என்று சிரித்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகாய் வற்றல் மூட்டையோடு வந்தவர். “இங்கே கணக்கு தனு. இன்னைக்கு தனு பதினொண்ணு.”

“மார்கழியும் பாண்டி மாசந்தான, சார். நீங்க தனுன்னு எழுதியிருந்தா நான் தனுவைப் பாத்திருப்பேன். மார்கழின்னு எழுதியிருக்கிய.”

சந்தில் இருமல் நின்றது.

தாணுமாலையன் சீட்டை இன்னொரு முறை வாசித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். இப்படி ஒரு தாள் முன்பு அவர் மேஜைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியும். சிவப்பு மையால் ‘தேதி தெளிவில்லை’ என்று எழுதி, கீழே சுழித்து, திருப்பி அனுப்பியிருப்பார். இப்போது திருப்பி அனுப்ப இடம் இல்லை. அது அவரிடமிருந்தே வந்திருந்தது.

“எழுத்துப் பிழை,” என்றார் மெதுவாக.

“பன்னெண்டு பன்னெண்டாத்தான இருக்கு?” என்றாள் அவள்.

ஆறுமுகசாமி அவரைத் தோளைப் பிடித்துக் கிணற்றோரம் தள்ளிக்கொண்டு போனார். அவர் பேசியது ரகசியம் என்று நினைத்துக்கொண்டு. கட்டின தொண்டையில் ரகசியம் வராது, எல்லாருக்கும் கேட்டது.

“ஓய், நல்லா ஆலோசிச்சுப் பாரும். இன்னைக்கு மார்கழி பன்னெண்டுன்னு வச்சுக்கிட்டா, பதினொண்ணு நேத்தைக்கே போயாச்சு. உம்ம வீட்டு முறை பதினொண்ணு.”

“அதுக்கு?”

“அப்போ இன்னைக்கு உம்ம வீட்டிலே முறை ஒண்ணும் நடக்கல்ல. அந்த டப்பாப் பால் ரெக்கார்டிலேயே வராது.”

“பால் கொள்ளாம் இல்லியோ? நல்லாத்தான இருந்தது?”

ஆறுமுகசாமி திரும்பி நின்று பத்துப் பேரைக் காட்டினார். பத்துப் பேரும் ஒரே சமயத்தில் இருமினார்கள்.

தாணுமாலையனின் முகத்தில், கஷ்டமான ஃபைலுக்கு வழி கண்டுபிடித்துவிட்ட பழைய களை வந்தது. “சரிதன்னே. இன்னைக்குக் காலையிலே நான் கொடுத்தது சமிதிப்படி இல்லை. என் சொந்த உபசாரம். ஸ்நேகிதர்களுக்கு.” சுவரில் நோட்டை வைத்துப் பேனாவைத் திறந்தார். “என் வீட்டு முறை இவ்வருஷம் பஞ்சாங்க வித்தியாசம் காரணமாக நடைபெறவில்லை. இன்னைய தேதி முறை ஒன்பதாம் நம்பர். போதுமா? திறங்க, அம்மா.”

அவள் அடுப்படிக்குள் போய்த் தவலை மூடிமேல் கையை வைத்தாள்; திறக்கவில்லை. “நாளைக்கு?”

“நாளைக்கு என்ன?”

“நாளைக்கு உங்க கணக்குலே பன்னெண்டு. சீட்டிலே இருக்குத பன்னெண்டு. நாளைக்கு இவங்க எங்க ஏறுவாங்க?”

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. பதின்மூன்றாம் முறைக்காரர், செருப்பைத் தேடி வந்தவர், நாளைக்குத் தன் வீட்டில் சுக்கே வாங்கவில்லை என்று அவசரமாகச் சொன்னார்.

“அப்ப ரெண்டு நாளும் எங்க வீடு,” என்றாள். பயத்தில் குரல் உயர்ந்துபோயிற்று. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. “இன்னும் ஒண்ணு. ‘பரிசீலிக்கப்படும்’னு இருக்கு, சார். பரிசீலிங்க.”

“அது இப்படிச் சந்திலே நின்னு செய்யுத காரியமா? சமிதி கூடணும்.”

அவள் சந்தைப் பார்த்தாள். தாணுமாலையனும் பார்த்தார். தெருவில் தயங்கி நின்ற மிச்சம் பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

“கூடியாச்சு,” என்றது ஒரு குரல்.

“வாடகை வீடு, அம்மா. நீங்க நாளைக்கு வேறே தெருவுக்கு மாறினா முறையை என்ன செய்ய?”

“நம்பர்லே எழுதாதிய. எம் பேர்லே எழுதுங்க. நான் எங்க இருந்தாலும் வந்து காய்ச்சிக் குடுப்பேன்.”

நாகேஸ்வரன், “சரசு, போதும்,” என்றார் பின்னாலிருந்து. கோயிலில் முதல் மணி அடித்தது. ஆறுமுகசாமி இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தாணுமாலையனைப் பார்த்த பார்வையில், முப்பது வருஷச் சிநேகம் முடியப்போவது தெரிந்தது.

தாணுமாலையன் எழுதினார். எழுதும்போது மூக்கிலிருந்து ஒரு சொட்டு நோட்டில் விழுந்தது; மை கொஞ்சம் பரவிற்று. ‘சரஸ்வதியம்மாள். வருஷந்தோறும். மார்கழி 12.’ கையெழுத்துப் போடப் போனார்.

“எந்தப் பஞ்சாங்கம்னு போடுங்க, சார்.”

பேனா நின்றது. ஒன்றைப் போட்டால் இன்றைக்கு நடப்பது தப்பு, இன்னொன்றைப் போட்டால் நாளைக்கு நடப்பது தப்பு. ‘எந்தப் பஞ்சாங்கம் என்பது அடுத்த கமிட்டியில் தீர்மானிக்கப்படும்’ என்று எழுதி, கீழே சுழித்தார். இருபது வருஷ சர்வீஸ் வீண்போகவில்லை.

அந்த வரியை அவள் முழுக்க வாசித்தாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள். இருபத்திரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்புறம் மூடியைத் திறந்தாள்.

ஆவி சந்து முழுவதும் எழுந்தது. யாரும் பாயில் உட்காரவில்லை, நின்றபடியே வாங்கினார்கள். முதல் மடக்கில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் மடக்கில் மூக்கு திறந்தது. மூன்றாவதில் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், “எண்டம்மே!” என்று தன்னையறியாமல் கூவிவிட்டு வெட்கப்பட்டார். பொங்கலை இலையில் வைத்துக்கொண்டு மிளகைப் பல்லால் தேடித் தேடிக் கடித்தார்கள். தாணுமாலையன் தமக்கு வேண்டாம் என்றார். பிறகு, செக்ரட்டரி என்ற முறையில் தரம் பார்க்கவேண்டியது இருக்கிறது என்று ஒரு தம்ளர் வாங்கினார். தரம் மூன்று தம்ளரில்தான் தெரிந்தது.

இரண்டாம் மணிக்கு எல்லாரும் ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். தவலை கவிழ்த்துவைத்த மாதிரி காலியாக இருந்தது.

நாகேஸ்வரன் பாயில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் வீட்டில் அத்தனை பேர் வந்து போனதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றிற்று.

“நீயும் போ, சரசு. தீபாராதனைக்கு முன்னாலே நில்லு. இப்போ நிக்கலாம்லா.”

“நாளைக்கு நிக்கேன்.” அவள் அடுப்படியில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “பொடி இருக்கு. கருப்பட்டி ஒரு துண்டு இல்லை. நாளைக்கும் அவ்வளவு பேரு.”

“சாயங்காலம் கடை விட்டு வரும்போது வாங்கிட்டு வாறேன்.”

“சாயங்காலம் வாங்கி, எப்ப உடைச்சு, எப்ப அரிச்சு? இப்பவே போங்க.”

“இன்னும் விடியவே இல்லை. சாலையிலே எவன் கடை திறந்திருப்பான்?”

“ஆறுமுகசாமி அண்ணாச்சி கடையிலே கேளுங்க.”

“அவருதான் கோயில்லே பாடிக்கிட்டிருக்காரே.”

இரண்டு பேரும் காது கொடுத்தார்கள். கோயில் பக்கமிருந்து கடைசிப் பாட்டு வந்தது. முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் பாதி வந்தது. அதன்பிறகு வந்தது கரமனைக் கோஷ்டியின் இருமலா, வலியசாலைக் கோஷ்டியின் இருமலா என்று இங்கிருந்து சொல்லமுடியவில்லை.

“பாடலை,” என்றாள். “இருமுதாங்க. சட்டையை மாட்டுங்க.”